முற்றக் கேட்டல்

ஒரு புலவனைக் கற்றோம் என்று சொல்லுதற்கு அவன் ஆக்கியவற்றுள் எத்துணைப் பங்கு கற்றிருத்தல் வேண்டும் என்னும் வினா பழையது. நூலுக்கு மட்டுமன்றி இசைக்கும் அவ்வினா உரியதே. ஜேர்மானிய இசைப் பெரும்புலவராகிய யோகான் செபாஸ்தியன் பாக் என்பார் ஆக்கியவற்றுள் இன்று எஞ்சியுள்ளன அனைத்தையும், மாற்றுப் பதிவுகள் சிலவற்றோடுங் கூட்டி, 222 இசைத்தட்டுக்கள் கொண்ட ஒரு தொகுதியாக 2018 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாளுக்கு ஒரு தட்டாகக் கேட்பினும் முற்றக் கேட்டு முடித்தற்கு ஏழு திங்களுக்கு மேற் செல்லும். அங்ஙனம் நாள் தவறாது கேட்டு முடிப்பதை ஒரு நோன்பாக மேற்கொண்ட இரசிகர் மேனாடுகளில் உளர். அவர் இசைவாணர் அல்லர்; இசைப் பேராசிரியரும் அல்லர். பகலெல்லாம் வேறு தொழில் பார்த்து, வைகறையிலோ இரவிலோ ஒரு மணிநேரத்தை ஒதுக்கி, அன்று கேட்டதைக் குறித்து நாட்குறிப்பில் நாலு வரி எழுதிவைக்கும் எளிய மனிதர்.

இம்முயற்சியை நகைப்போரும் உளர். ‘பாக் ஆக்கியவற்றுட் சிறந்தன எவை என்பதை அறிஞர் என்றோ வகுத்துவிட்டனர், அவற்றுள் ஓர் இருபது முப்பதைப் பலகாற் கேட்டாற் போதும், மற்றையவற்றைக் கேட்டல் கணக்கெழுதுவோன் வேலையே அன்றி இரசிகன் வேலை அன்று’ என்பது அவர் கூற்று. நாம் அவ்வாறு கருதவில்லை. ஆயினும் இக்கூற்றை ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதலும் முறையன்று. எண்ணிக்கையின் மேல் உண்டாகும் ஆசை கேள்விக்குப் பகை என்பது உண்மையே. சமைத்துக்கொண்டும் கடிதம் எழுதிக்கொண்டும் ஒரு தட்டை ஓடவிட்டு, ‘இன்று நூற்றிருபதாவது முடிந்தது’ என்று குறித்துக்கொள்வோன் எதையுங் கேட்டானல்லன். அவனைக் குறித்து நாம் எழுதவில்லை.

முற்றக் கேட்கப் புகுவோன் முதலில் எதிர்ப்படும் இடர், எங்கே தொடங்குவது என்பதாம். பாக் ஆக்கங்களுக்கு வோல்ஃப்காங் சிமீடர் என்னும் அறிஞர் 1950 ஆம் ஆண்டில் ஓர் எண்ணடைவு வகுத்தார். அந்த எண்களே இன்றும் வழங்குகின்றன. அவை காலமுறையில் அமைந்தன அல்ல, வகைமுறையில் அமைந்தன. கந்தாத்தா எனப்படும் தேவாலய வழிபாட்டிசைக் கோவைகள் முதற்கண் நிற்கும். பின்னர்த் திருப்பலி இசையும் திருப்பாடுகளின் இசையும். அதன்பின் ஓகன் இசை, விரற்கட்டை வாத்திய இசை, வயலின், செலோ, பல்லிய இசை என்று சென்று, 1080 ஆம் எண்ணாகிய ‘பியூக் கலை’யில் முடியும். கந்தாத்தாக்களுக்குள்ளேயும் முன்பின் முறை இல்லை. முதலாம் எண்ணுக்குரியது 1725 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அரங்கேறியது. நான்காம் எண்ணோ அவர் இருபதைக் கடந்த இளைஞராயிருந்த காலத்துக்குரியது. எண்ணைப் பற்றிச் செல்வோன் ஒரு நாள் முதியவரோடும் மறுநாள் இளைஞரோடும் உரையாட வேண்டியவனாகின்றான். அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. புதியவனுக்கு எல்லாவற்றினும் அரியது எதுவோ அதனையே இவ்வெண்ணடைவு வாயிலில் நிறுத்திவைத்துள்ளது. வயலின் இசையையோ பல்லிய இசையையோ கேட்டு மகிழ்ந்த ஒருவன், முதல் நாளிலேயே ஜேர்மன் மொழியில், லூதரன் திருச்சபையின் சமயக் கருத்துச் செறிந்த பாடல்களை எதிர்கொள்கின்றான். இடையிடையே வரும் வசனப் பாங்கான பாடற்பகுதிகள் பொருள் விளங்காதவனுக்கு மணலைத் தின்பது போலாம். பலர் முதற் கிழமையிலேயே கைவிட்டுவிடுவது இதனாலேயே.

காலமுறை பற்றிச் செல்லலாமெனின், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாக்கின் வரலாற்றை விரித்தெழுதிய பிலிப் ஸ்பிற்றா என்பார், பழைய தேவாலயப் பாடல்களை அடியாகக் கொண்ட கந்தாத்தாக்கள் பலவும் பாக்கின் முதுமைக் காலத்தவை என்று கொண்டார். அக்கொள்கை ஏறத்தாழ எழுபது ஆண்டு நிலைத்தது. 1957, 1958 ஆம் ஆண்டுகளில் அல்பிரட் டூர், கியோர்க் பொன் டாடெல்சன் என்னும் இருவர் கையெழுத்துச் சுவடிகளைத் தாள் தாளாக ஆராய்ந்தனர். தாளின் நீர்க்குறி, படியெடுத்தோர் கையெழுத்து என்பவற்றை ஒப்புநோக்கி, அவை முதுமைக்குரியன அல்ல, 1724 ஆம் ஆண்டு யூன் திங்கள் முதல் ஓராண்டுக்குள் கிழமைதோறும் எழுதப்பட்டவை என்று நிறுவினர். ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாறே இதனால் மாறிற்று. இறுதிவரை கோயிற் பணியே தவமாகக் கந்தாத்தா எழுதிக்கொண்டிருந்த முதியவர் என்னும் ஓவியம் மறைந்து, லைப்சிக் நகருக்கு வந்த முதற் சில ஆண்டுகளில் அப்பணியைப் பேராற்றலோடு செய்து முடித்துப் பின் வேறு துறைகளில் மனஞ் செலுத்திய ஒருவர் தோன்றினார். ஏடு பார்த்துப் பழகியோர்க்கு இச்செய்தி இனிக்கும் என்பது பற்றிச் சற்று விரித்தோம்.

மூன்றாவது வழி திருநாட் கணக்கு. எந்தக் கந்தாத்தா எந்த ஞாயிற்றுக்குரியது என்பது தெரிந்துள்ளமையால், அந்தந்த நாளுக்குரியதை அந்தந்த நாளிற் கேட்கலாம். ஜோன் எலியட் கார்டினர் என்னும் ஆங்கில இசையியக்குநர் 1999 ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் வைமார் நகரிற் தொடங்கி, 2000 ஆம் ஆண்டு முழுவதும் ஊரூராகச் சென்று, எஞ்சியுள்ள தேவாலயக் கந்தாத்தாக்களை அவ்வவற்றுக்குரிய திருநாட்களை ஒட்டியே இசைப்பித்தார். வீட்டில் இருந்து கேட்போனுக்கும் இம்முறை பொருந்தும். லைப்சிக் நகரில் திருவருகைக் காலத்தின் பின் மூன்று ஞாயிறுகளிலும் தவக்காலத்திலும் இத்தகைய இசை ஒலிப்பதில்லை. அந்த மௌனத்தையும் கடைப்பிடிக்கும் இரசிகன், உயிர்ப்பு ஞாயிறன்று எக்காளமும் முரசும் முழங்கக் கேட்கும்போது, அந்நகரத்து மக்கள் எய்திய உணர்ச்சியின் ஒரு கூற்றையேனும் எய்துவான்.

எந்த வழியிற் சென்றாலும், முற்றக் கேட்போனுக்குக் கிட்டுவதும் தெரிந்தெடுத்துக் கேட்போனுக்குக் கிட்டாததும் ஒன்றுண்டு. அது பாக் என்பவர் ஒரு தொழிலாளி என்னும் உணர்வு. 1722 ஆம் ஆண்டில் லைப்சிக் நகரசபையார் புனித தோமையார் பள்ளியின் இசைத் தலைமைப் பதவிக்கு ஆள் தேடியபோது முதலில் விரும்பியது டெலிமன் என்பவரை. அவர் ஹம்பேர்க் நகரைவிட்டு வர மறுத்தார். அடுத்துக் கருதப்பட்ட கிரௌப்னர் என்பவரை அவருடைய அரசர் விடவில்லை. அதன் பின்னரே பாக் அமர்த்தப்பட்டார். 1723 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் முதற் கந்தாத்தாவை அரங்கேற்றினார். அது முதல் ஞாயிறு தவறாமலும் திருநாள் தவறாமலும் இசை வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய அறுபது. இசையை அமைத்தல், மாணாக்கரையும் வீட்டாரையுங் கொண்டு படியெடுப்பித்தல், பழக்குதல், ஞாயிறு காலையில் இசைப்பித்தல், பின் மறுநாள் அடுத்ததைத் தொடங்குதல் என்று வாரம் உருண்டது. இலத்தீன் கற்பித்தலும் அப்பதவியின் கடமையாக இருந்தது. அதனைத் தம் கைப்பணங் கொடுத்து உடனாசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார். இதனைப் படிக்கும் ஆசிரியர்கள் அவர்மேற் பொறாமை கொள்ளக்கூடும்.

1730 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 ஆம் நாள் நகரசபைக்கு அவர் எழுதிய விண்ணப்பம் ஒன்று கிடைத்துள்ளது. தம் கையில் உள்ள மாணாக்கருள் 17 பேர் பயன்படுவர், 20 பேர் இன்னும் பயிலவேண்டியோர், 17 பேர் எதற்கும் உதவார் என்று அதிற் கணக்குக் காட்டியுள்ளார். உலகம் இன்று வியந்து கேட்கும் இசையை முதன்முதற் பாடியது இந்த 54 பிள்ளைகளுள் தேறியோரே. இவ்விண்ணப்பத்தைப் படித்தபின் அக்காலத்துக் கந்தாத்தாக்களை நாள்தோறுங் கேட்பவனுக்கு, சில இடங்களிற் பல்குரற் பாட்டுச் சுருங்கித் தனிக்குரல் ஓங்குவதன் காரணத்தைப் பற்றியேனும் எண்ணத் தோன்றும். மேதை என்பதை வானத்திலிருந்து விழும் மின்னலாகவே கற்பிக்கும் பழக்கம் நம்மவரிடத்தும் உண்டு. ஒரு கிழமையில் அரியது, அடுத்த கிழமையில் நல்லது, அதற்கடுத்த கிழமையிற் களைத்த கையின் தடம் தெரிவது என்று வரிசையாகக் கேட்டவனிடம் அக்கற்பனை நில்லாது. களைத்த கையினின்றும் இத்துணை வந்ததே என்னும் வியப்பே நிற்கும்.

மற்றொரு பயனையும் கூறவேண்டும். முன்னே கேட்டது பின்னே வேறுடையில் வந்து நிற்கக் காணும் இன்பம் அது. பாக் தாம் ஆக்கிய இசையை மீண்டும் எடுத்து வேறு சொல்லுக்கும் வேறு கருவிக்கும் பொருத்தும் வழக்கமுடையவர். 1733 ஆம் ஆண்டு டிசெம்பரிற் சாக்சனி நாட்டு அரசியின் பிறந்தநாளுக்காக ஒரு கந்தாத்தா எழுதினார். முரசுகளே ஒலியுங்கள் என்னும் பொருள்பட அதன் பாட்டுத் தொடங்குவதால், முரசு ஒன்றே தனித்து நின்று இசையைத் தொடங்கும். அடுத்த ஆண்டு கிறித்துமசு ஒராத்தோரியோவுக்கு அதே இசையை எடுத்து, சொற்களை மாற்றி, களிகூர்ந்து புகழுங்கள் என்று அமைத்தார். சொல்லில் முரசு இல்லை. ஆயினும் முரசே தொடங்குகின்றது. முந்தியதைக் கேளாதவனுக்கு அது ஓர் அழகு. கேட்டவனுக்கு அழகும் காரணமும் ஒருங்கே விளங்கும்.

இவ்வாறே, துணையொன்றும் இன்றித் தனி வயலினுக்கென்று 1720 ஆம் ஆண்டளவில் எழுதிய ஒரு முன்னிசை, 1731 ஆம் ஆண்டில் நகரசபைப் பதவியேற்பு வழிபாட்டுக்கான கந்தாத்தாவில், ஓகன் முதன்மை பெற, எக்காளமும் முரசும் சூழ வந்து நிற்கின்றது. ஒரு வில்லினால் ஓடிய சிற்றாறு பேராறாகிக் கரைபுரள்வது போன்ற தோற்றம். அக்கந்தாத்தாவிலேயே, இறைவனுக்கு நன்றி கூறும் பல்குரற் பாட்டு ஒன்றுண்டு. அது பி மைனர் திருப்பலி இசையில் இருமுறை வருகின்றது. அப்பெருநூலின் இறுதிச் சொல்லாகிய சமாதான வேண்டுதலும் அவ்விசையிலேயே அமைந்தது. அத்திருப்பலி இசையிலேயே, சிலுவையில் அறையுண்டமையைப் பாடும் பகுதி, 1714 ஆம் ஆண்டு வைமார் நகரில் எழுதிய ஓர் அழுகைப் பாட்டின் வழிவந்தது. தாழ்ந்து தாழ்ந்து இறங்கும் அடிக்குரல் ஒன்றே இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 35 ஆண்டு. இருபத்தொன்பது வயதினனின் அழுகையை அறுபதைக் கடந்த கிழவர் மறவாது வைத்திருந்து, தம் இறுதிப் பெரும்படைப்பின் நடுவிற் பதித்தார் என்பதை நூலிற் படித்தறியலாம். ஐந்தாறு திங்கள் இடையிட்டு இரண்டையுங் கேட்டு, ‘இதனை எங்கோ கேட்டேனே’ என்று தானே திடுக்கிடுவது வேறு. அந்தத் திடுக்கீடு எந்த உரையாசிரியனாலும் தரப்படுவதன்று.

இனி, ‘முழுமை’ என்னுஞ் சொல்லைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். பாக் இறந்தபின் 1754 இல் அச்சான இரங்கல் வரலாறு, ஐந்து ஆண்டுக்குரிய கந்தாத்தாக்களை அவர் எழுதினார் என்று கூறுகின்றது. இன்று எஞ்சியிருப்பன ஏறக்குறைய இருநூறு. நூறளவினவேனும் அழிந்தன என்பது பெறப்படும். மாற்கு நற்செய்தியின்படி அமைந்த திருப்பாடுகளின் இசை 1731 ஆம் ஆண்டில் அரங்கேறியது, சொற்கள் உள, இசைச் சுவடி இல்லை. தந்தையின் சுவடிகளைப் பங்கிட்டுக்கொண்ட மக்களுள், எமானுவேல் தம் பங்கைப் பேணிக் காத்தார். மூத்தவர் வில்லெம் பிரீடமன் வறுமையுற்றுத் தம் பங்கிற் பலவற்றை விற்றுவிட்டார்.

அழிந்தன ஒருபுறமாக, இடைச்செருகல்கள் மற்றொருபுறம். பதினைந்தாம் எண்ணுக்குரிய கந்தாத்தா பாக்கின் உறவினராகிய யோகான் லூட்விக் பாக் என்பவருடையது என்று பின்னர்த் தெளிந்தனர். பியானோ பயிலுஞ் சிறுவர் உலகெங்கும் முதற்பாடமாக வாசிக்கும் ஜி மேஜர் மினுவெற் கிறித்தியான் பெற்சோல்ட் என்பவர் ஆக்கியது. பாக்கின் மனைவி அன்னா மக்டலேனாவுக்கு 1725 இல் அமைந்த குறிப்பேட்டில் அது எழுதப்பெற்றிருந்தமையாற் பாக்கின் தலையில் ஏறிற்று. யாவரும் அறிந்த டி மைனர் ஓகன் தொக்காற்றாவைக் குறித்துங்கூட ஐயங் கிளப்பியோர் உளர். முற்றக் கேட்போன் இவற்றையெல்லாம் கேட்டு, ‘இது அவர் கையன்று’ என்று ஒரு நாள் தானே உணரத் தொடங்குவானாயின், அவன் நாட்குறிப்பு வீண்போகவில்லை.

பகுதியைக் கேட்பதற்கும் முழுமையைக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இசையுலகிற்கு உணர்த்தியவருள் ஒருவர் பாப்லோ கசால்ஸ். 1890 ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதுச் சிறுவராய், பார்சலோனா நகரத்துப் பழங்கடை ஒன்றில் தனிச் செலோவுக்கு பாக் எழுதிய ஆறு கோவைகளின் பிரதியைக் கண்டெடுத்தார். அக்காலத்தார் அக்கோவைகளினின்றும் ஒவ்வோர் உறுப்பைப் பிரித்தெடுத்துப் பயிற்சியாகவும் அலங்காரமாகவும் வாசித்து வந்தனர். கசால்ஸ் பன்னிரண்டு ஆண்டு தனித்துப் பயின்ற பின்னரே அவற்றை அவையில் வாசித்தார். கோவையைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒன்றாகவே வாசித்தார். 1936 முதல் 1939 வரை ஆறனையும் ஒலிப்பதிவு செய்தார். அதன்பின்னர் அவற்றைப் பயிற்சிப் பாடம் என்று எவரும் கூறத் துணியவில்லை. முதுமையிலும் நாள்தோறுங் காலையிற் பியானோவில் பாக் இசையை வாசித்த பின்னரே வேறு வேலை தொடங்குவது தம் வழக்கம் என்று அவர் தாமே கூறியுள்ளார்.

பாக்கின் இளமையும் இதற்குச் சான்றே. பத்து வயதுக்குள் தாய் தந்தையரை இழந்து தமையன் வீட்டில் வளர்ந்தவர். தமையன் பூட்டிவைத்திருந்த இசைச்சுவடியைக் கிராதிக் கதவினூடே உருவியெடுத்து, விளக்கின்றி நிலவொளியில் ஆறு திங்களாகப் படியெடுத்தார் என்று மேற்கூறிய இரங்கல் வரலாறு கூறும். இருபதாம் வயதில் ஆர்ன்ஸ்டாட் நகரில் ஓகன் வாசிப்பவராக இருந்தபோது, நான்கு கிழமை விடுப்புப் பெற்று, புக்ஸ்டெகூடே என்னும் முதுபெரும் இசைவாணரைக் கேட்க இருநூற்றைம்பது மைலளவில் உள்ள லூபெக் நகருக்கு நடந்து சென்றார். நான்கு கிழமைக்கு நான்கு மடங்கு காலம் தங்கிவிட்டார். திரும்பி வந்தபோது மேலோர் கடிந்துகொண்டனர். ‘தெரிந்தெடுத்த சிலவற்றைக் கேட்டு உரிய நாளில் வந்திருக்கலாமே’ என்பதே அவர்கள் கருத்தாகவும் இருந்திருக்கும்.

நம் வகுப்பறைகளைப் பற்றியும் ஒரு சொல். ஒரு காப்பியத்தில் ஒரு படலம், ஒரு தொகைநூலிற் பத்துப் பாட்டு என்று பாடப்பகுதி வகுத்தல் தவிர்க்க முடியாதது. ஆனால் அப்பகுதிக்கு அப்பால் நூல் இருக்கின்றது என்பதையே அறியாமல் தேர்வு எழுதி வெளிவரும் மாணாக்கர் தொகை சிறிதன்று. அவர்களுள் ஒருவன் பின்னாளில் அந்நூலைப் பற்றிப் பேசும்போது, தெரிந்தெடுத்த குழுவினரின் தீர்ப்பையே தன் தீர்ப்பாகப் பேசுகின்றான். மேனாட்டு இரசிகன் 222 தட்டையும் கேட்டபின் ‘எனக்கு இன்ன கந்தாத்தா பிடிக்கவில்லை’ என்று எழுதுவானாயின், அவன் கருத்து பிழையாயினும் அவனுடையது.

பாக்கின் எல்லாமே உயர்ந்தது என்பது நம் கொள்கையன்று. கந்தாத்தாக்களின் பாடல்களுட் பல, கவிதை என்னும் வகையில், நடுத்தரத்தினும் தாழ்ந்தவை. பாவத்தையும் புழுவையும் அழுகலையும் பற்றிய உருவகங்கள் அளவிறந்து வந்து சலிப்பூட்டும். அவற்றை இசை தூக்கி நிறுத்துகின்றது என்பது உண்மை. எப்போதும் தூக்கிவிடுகின்றது என்பது பக்தரின் கூற்று. நாற்குரலில் அமைந்த குறும்பாடல்கள் நூற்றெண்பதுக்கு மேல் வரிசையாக வரும் பகுதியை ஒரே மூச்சிற் கேட்பதும் அறிவுடைமையன்று. நாளுக்கு நாலைந்தாகப் பகிர்ந்துகொள்வதே தக்கது.

இறுதியில் நிற்பது ‘பியூக் கலை’. ஒரு குரல் தொடங்கிய சிற்றிசையடியை அடுத்த குரல் பற்றித் தொடர, நான்கு குரலும் ஒன்றையொன்று பின்னிச் செல்லும் ஆக்கமே பியூக். அந்நூலின் கடைசிப் பியூக்கில் மூன்றாவது இசையடியாகத் தம் பெயரின் நான்கு எழுத்துக்களையே பாக் அமைத்தார். ஜேர்மானியர் சுரங்களுக்கு எழுத்துப் பெயர் வழங்குவதால் அது கூடிற்று. அவ்வடி நுழைந்து சிறிது தூரஞ் சென்றதும் சுவடி நின்றுவிடுகின்றது. தம் பெயரை அமைத்த இவ்விடத்தில் ஆக்கியோன் இறந்தார் என்று மகன் எமானுவேல் ஓரத்திற் குறித்து வைத்தார். இன்றைய ஆராய்ச்சியாளர் கையெழுத்தை நோக்கி, அது 1750 யூலையில் நேர்ந்த இறப்புக்குச் சில காலம் முந்தியது என்பர். வாசிப்போருட் சிலர் தாமே இட்டு நிரப்பி முடிப்பர். சிலர் ஒரு வழிபாட்டுப் பாடலை இணைப்பர். சிலர் சுவடி நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுவர். கடைசி நாளுக்கு இம்மூன்றாம் வகையினர் பதிவையே நாம் பரிந்துரைப்போம்.

222 தட்டையும் விலைகொடுத்து வாங்குதல் நம்மனோர்க்கு எளிதன்று. வாங்கவும் வேண்டியதில்லை. நெதர்லாந்து பாக் சங்கத்தார் 2013 ஆம் ஆண்டு முதல் பாக்கின் ஆக்கங்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக இசைத்துப் படம்பிடித்து இணையத்தில் விலையின்றி வெளியிட்டு வருகின்றனர். கந்தாத்தா ஒன்று பெரும்பாலும் இருபது நிமிட அளவினது. தொடங்க விரும்பும் மாணாக்கர் எண்ணடைவின் முதலில் தொடங்கற்க. தனிச் செலோக் கோவைகளில் முதலாவதைக் கேட்டு, அடுத்து வயலின் கோவைகளைக் கேட்டு, ஒரு திங்கள் சென்றபின் கந்தாத்தாவுக்குச் செல்க. செல்லும்போது பாடலின் மொழிபெயர்ப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்க. வேறு வேலை எதையுங் கையில் வைத்துக்கொள்ளற்க.